விட்டுவிட்டு எரிந்த வெளிச்சம்

மதினி,

போன வாரம் அலுவலகத்தில் என் மேசை மவுஸ் நின்றுபோனது. கம்பியில்லாத மவுஸ், வயிற்றில் ஒற்றை பேட்டரிச் செல் போட்டு ஓடுவது. செல்லைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து தேடியதில் மாற்றுச் செல் கிடைக்கவில்லை. செத்த செல்லையே மறுபடி உள்ளே வைத்து மூடினேன். திரையில் அம்புக்குறிக்கு உயிர் வந்தது. நான் கையை ஒரே இழுப்பாக நீளமாக இழுத்தேன். அது ஒரு துண்டு நகர்ந்து நின்றது. மறுபடி ஒரு துண்டு. மறுபடி ஒன்று. அப்புறம் அசையவே இல்லை.

கையை மவுஸிலிருந்து எடுக்க எனக்கு வெகுநேரம் ஆனது. கீழே கிடங்கில் ஏலக்காய் மூட்டை பிரித்திருந்தார்கள். அந்த மணம் படியேறி வந்து அறை முழுக்க நின்றது. மலையிலிருந்து இறங்கி வரும்போது உங்கள் சேலையில் இருக்குமே, அதே மணம்.

அந்தச் செல், நான் உங்களுக்காக வாங்கிய நான்கில் ஒன்று.

என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் நம் ஊர் சிலமலைக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா இல்லாத வீடு. வந்த வாரமே மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் ஜீப்பில் உங்களுக்கு ஓர் இடம் ஆகிவிட்டது. வந்த மாதமே ஜீப்பில் போகும் எல்லோர் டார்ச்சுக்கும் செல் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பும் உங்களுடையதாகிவிட்டது. போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாய் கடையில் பெட்டியாக வாங்கி வருவீர்கள். எட்டுப் பெண்களுக்கும் பங்கு போகும். மீதி நம் வீட்டு அரிசிப் பானைக்கு மேலே இருக்கும்.

நம் வீட்டில் செல்லுக்கு ஒரு ஆயுள் வரிசை இருந்தது. புதுசு உங்கள் டார்ச்சுக்கு. அதில் மங்கினால் அண்ணனின் ரேடியோவுக்கு. ரேடியோ கரகரத்தால் மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயில். வெயில் காய்ந்து எழுந்த செல் சுவர்க் கடிகாரத்துக்கு. "நம்ம வீட்டுக் கடிகாரம் காலம் பூராவும் எச்சிச் சோறு திங்குதுடி" என்பீர்கள்.

கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு எனக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. மழைக்காலத்தில் பெட்டிச் செல்கள் உப்பிப்போய் வெள்ளையாகக் கசிந்தன. தீர்ந்தவற்றை நீங்கள் எல்லோரும் ஏலச் செடித் தூரிலேயே எறிந்துவிட்டு வந்தீர்கள். கரண்டில் ஏற்றி ஏற்றிப் பயன்படுத்தும் செல்தான் நல்லது என்று அடுப்பங்கரையில் நின்று உங்களிடம் வாதாடினேன். உங்களிடம் மட்டும்தான் எனக்கு வாதாட வரும்.

"கரண்டு இருந்தா ஏத்தலாம். இல்லாத அன்னிக்கு ஒம் மூஞ்சியக் கொண்டு போயி அடிக்கவா?"

"முந்தின நாளே ஏத்தி வச்சுக்கலாம் மதினி. ஒரே செல்லு வருசக்கணக்கா வரும்."

"ஒரே செல்லு வருசக்கணக்கா வருமாம்! ஒங்க அண்ணனே வருவாகளான்னு நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அண்ணன் ரேடியோவுக்குப் பின்னாலிருந்து இருமினார். நீங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

ஆனால் மலையில் அந்த டார்ச்சுக்கு இருந்த வேலை எனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு நாள் நீங்கள்தான் சொன்னீர்கள். பிற்பகலிலேயே மேகம் இறங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் செடி தெரியாது. காட்டிலிருந்து ஜீப்பு நிற்கும் ரோட்டுக்கு வரிசையாக இறங்கும்போது கடைசி ஆளிடம் ஒரு வெளிச்சம், முதல் ஆளிடம் ஒரு வெளிச்சம். மேகத்துக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வேறு ஏதாவது 'ஓய்' என்று பதில் கொடுக்கும் என்று ஒரு பயம். அதனால் எல்லாம் வெளிச்சத்தால்தான். நடக்கும்போது அது தரையைப் பார்த்து ஆடிக்கொண்டே வரும்; சேதி சொல்ல மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். விட்டுவிட்டு மூன்று தரம் எரிந்தால் 'வர்றேன், போங்க.' நிறுத்தாமல் நீளமாக எரிந்தால் 'நில்லுங்க.'

"நிசமாவே வேற ஏதாச்சும் பதில் குடுக்குமா மதினி?" என்று கேட்டேன்.

"குடுத்தா என்ன? பேரத் தெரிஞ்சுக்கிட்டு மறுநாளு வேலைக்கி வந்து நின்னுச்சுன்னா அதுக்கு யாரு சம்பளம் குடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல், "நான் கூப்பிட மாட்டேன்" என்றீர்கள்.

எப்போதும் கடைசி ஆள் நீங்கள்தான்.

நான்கு செல்லும் அவற்றை ஏற்றுகிற சார்ஜரும் வாங்கி வந்தேன். இரண்டை இரவெல்லாம் ஏற்றி வைத்தேன். காலையில் நீங்கள் மறந்துவிட்டுப் போக, எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன். அந்தச் சார்ஜரோடு வந்த சிறு தாளை முந்தைய நாளே வாசித்திருந்தேன். பெட்டிச் செல் போல இது மெல்ல மெல்லச் சிவந்து மங்காது. கடைசி வரை ஒரே பிரகாசமாக எரிந்துவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். அதைச் சொல்லத்தான் ஓடினேன். பழைய செல் இரண்டையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான்.

ஜீப்பில் எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ஏ, ஆபீசரு வந்துட்டாகடி, எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்றார் பேச்சியக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் கையை நீட்டினீர்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நல்லா எரியும் மதினி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜீப்பு கிளம்பும்போது டிரைவர் பக்கம் திரும்பி நீங்கள், "வெரசாப் போ அண்ணே, எங்க நாத்தனா குடுத்த செல்லு தீந்துறப் போகுது" என்றது கேட்டது. உங்கள் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அன்று மேகம் மத்தியானமே இறங்கிவிட்டதாம். பேச்சியக்கா முதல் ஆள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கியிருக்கிறார். உங்கள் வெளிச்சம் தரையில் ஆடியபடி சீராக வந்துகொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் பொசுக்கென்று அணைந்தது. எல்லோரும் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. "வர்றேன்னு சொல்லிட்டா" என்று இறங்கிவிட்டார்கள். ரோட்டில் அன்று இரண்டு ஜீப்பு; மேகத்துக்குள் யார் எதில் ஏறினார்கள் என்று தெரியவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, முன்னால் போன ஜீப்பில் நீங்கள் ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் ஓடைப் பள்ளத்தில் உங்களைக் கண்டெடுத்தார்கள். டார்ச் கையில் இருந்தது. பொத்தான் எரிகிற பக்கம் தள்ளியபடியே இருந்தது.

அண்ணனின் கோபம் முழுக்கப் பேச்சியக்கா மேல் விழுந்தது. "கூட வந்தவள மேகத்துல விட்டுட்டு வந்த சிறுக்கி" என்று ஜீப்பு நிற்கிற இடத்தில் எல்லோர் முன்னாலும் கத்தினார். பேச்சியக்கா ஏறினால் தன் சனம் யாரும் ஏற மாட்டார்கள் என்றார். அதற்குப் பிறகு எந்த ஜீப்பும் அவரை ஏற்றவில்லை. எட்டு மாதமாக ராசிங்காபுரம் பக்கம் களையெடுக்க நடந்து போய் வந்துகொண்டிருந்தார், பாதி நாள் வேலையில்லாமல். நம் தெருவுக்குள் வருவதில்லை. எனக்கு அந்தத் தாளில் இருந்தது தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. வெளிச்சம் மறுபடி வந்ததே, மூன்று தரம் சரியாகச் சொன்னதே, அப்படியானால் செல் தீரவில்லை, தவறு என்னுடையது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மவுஸ் அதை உடைத்துவிட்டது. தீர்ந்த செல்லைச் சற்று ஓய்வாக விட்டால் கொஞ்சம் உயிர் பிடிக்கும். நீளமாக இழுக்க அதற்குத் தெம்பு இருக்காது. ஒரு துண்டு எரியும், நிற்கும். நீங்கள் 'வர்றேன், போங்க' என்று சொல்லவே இல்லை மதினி. 'நில்லுங்க' என்று பொத்தானைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். என் செல் அதை வெட்டி வெட்டி வேறு சொல்லாக்கிக் கீழே அனுப்பியிருக்கிறது.

அன்று சாயந்தரம் அண்ணன் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாள், ஜீப்பு, நான் சொல்லாமல் விட்டது, மவுஸ் எல்லாம். அவர் எண்ணெய்க் கையைத் துடைக்காமலே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

நான் எண்ணெய்க் குப்பியை எடுத்து மூடினேன்.

"எட்டு மாசமா ஒருத்தி சோத்துல மண்ணப் போட்டிருக்கேன்ல நான்."

சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். நானும் பின்னால் போனேன். பேச்சியக்கா வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகாமல், தலையைக் குனிந்தபடி, "பேச்சி, நாளைக்கி ஜீப்புக்கு வா. நான் சொல்லிக்கிறேன். எம்மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார்.

பேச்சியக்கா என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். அண்ணனிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ மறைச்சத சொல்லிட்ட. நானும் ஒண்ணு மறைச்சு வச்சிருக்கேன் தாயி" என்றார். "ஜீப்பு கெளம்பி மொத வளைவு திரும்புறப்ப நான் மேல பாத்தேன். லைட்டு எரிஞ்சுச்சு. விட்டுவிட்டு இல்ல. நின்னு எரிஞ்சுச்சு. ரெண்டாவது வளைவுலயும் எரிஞ்சுச்சு. மூணாவதுலயும். அம்புட்டு மேகத்துக்குள்ள அது எப்படித் தெரியும்? அதான் பயந்துட்டேன். அது அவ இல்லன்னு நெனச்சுட்டேன். டிரைவருகிட்ட நிறுத்தச் சொல்லல."

"எப்படி எரிஞ்சுச்சுக்கா? வெள்ளையாவா?"

அவர் யோசிக்கவே இல்லை. "செவப்பா. பெட்டிச் செல்லு தீரப் போறப்ப எரியுமே, அப்படி."

மதினி, செத்த செல் மூன்று வளைவுக்கு எரியாது. நான் தந்தது சிவக்கவும் சிவக்காது. டார்ச்சுக்குள் என் செல் இரண்டும்தான் இருந்தன. உங்கள் மடியையும் சுருக்குப் பையையும் பிரித்துப் பார்த்தவள் நான். வெற்றிலையும் பாதி எலுமிச்சம்பழமும் இருந்தன. வேறு செல் இல்லை; டார்ச்சிலிருந்து கழற்றிய பழையது இரண்டும் ஜீப்பு சீட்டிலேயே கிடந்தனவாம். நான் படித்தது எதுவும் அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கு விளக்கம் சொல்லவில்லை.

பேச்சியக்கா மறுபடி மலைக்குப் போகிறார். அவர்தான் இப்போது கடைசி ஆள், பிடிவாதமாக. பெட்டிச் செல்லா, ஏற்றுகிற செல்லா என்று அவர்கள் என்னைக் கேட்டபோது, ஜீப்பில் இருந்த எல்லோர் முன்னாலும் நின்று, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், எது எப்படிச் சாகும் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அலுவலக மாடியில் கடைசி ஆளாகக் கதவைப் பூட்டும்போது திரும்பி, "எல்லாரும் வந்துட்டீகளா?" என்று வாய்விட்டுக் கேட்கிறேன். அறையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், ஒரு ஜீப்பு மூன்று வளைவு திரும்பும் நேரம் வரைக்கும் அந்தப் படியிலேயே நின்றுவிட்டுத்தான் இறங்குகிறேன்.