பஞ்சர் தொட்டியில் ஒரு ஷூ

என் பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். முக்கால் நலம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் வீட்டுக்கும் கடைக்கும் ஒரே சுவர், உன் அப்பாவுக்கோ பாம்புக் காது. அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கு எடை. இருவரும் தினமும் உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நான் காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன். சைக்கிள் கடைக்காரரான உன் அப்பா நடப்பாரா? உக்காந்தமாதிரியே போக வண்டி இருக்கும்போது எவனாவது செருப்பைத் தேய்ப்பானா என்று கேட்டுவிட்டு, அதே மைதானத்தைச் சைக்கிளில் சுற்றுவார். நான் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர் மூன்று முடித்துவிடுவார். ஒவ்வொரு முறை என்னைத் தாண்டும்போதும் மணியடித்து வெறுப்பேற்றுவார். எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

போன மாதம் ஒருநாள் பார்த்தால், அவர் நடந்துவந்த தரையெல்லாம் ரத்தம். சக்கரத்து ஆரக்கம்பித் துண்டு ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. காலையிலிருந்து அதோடேயே சைக்கிள் மிதித்திருக்கிறார். வலிக்கவே இல்லையே என்றார். அதைக் கேட்டதும்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது, இன்னொரு புண் வந்தால் விரலையே எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நடையும் நல்லதுதானாம், சைக்கிளும் நல்லதுதானாம். மூட்டுக்குச் சைக்கிள் இன்னும் சுகமாம். ஆனால் இனிமேல் மூடிய ஷூ இல்லாமல் இவர் காலைக் கீழே வைக்கக் கூடாதாம்.

நீ அனுப்பிய ஷூ என்ன ஆயிற்று என்று கேட்பாய். அந்தப் பார்சல் பிரிக்காமல் பீரோ மேலேயே கிடந்தது. கடை வேண்டாம், வெளியூரில் வேலை பார்க்கிறேன் என்று நீ கிளம்பி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனிதர். அவன் வாங்கிக் குடுத்து நான் மாட்டிக்கிட்டுத் திரியணுமா என்றார். கெஞ்சிப் பார்த்தேன். பேசாமலும் இருந்து பார்த்தேன்.

போன வாரம் கடைக்குள் எட்டிப் பார்க்கிறேன், பஞ்சர் பார்க்கிற தொட்டியில் உன் ஷூவை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்! கடையில எந்நேரமும் தண்ணி, உள்ள போகுமான்னு பாக்க வேணாமா என்று என்னிடமே கேட்கிறார். பிறகு வெயிலில் காயப்போட்டதில் பசை விட்டு அது வாயைப் பிளந்துகொண்டது. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் போடுகிற எண்ணம் இல்லாதவர் எதற்கு ஓட்டை பார்க்க வேண்டும், நீயே சொல்!

நேற்று இங்குள்ள ஷூ கடைக்குக் கூட்டிப் போனேன். நாலு ஜோடி போட்டுப் பார்த்து நாலுக்கும் குறை சொன்னார். கடைசியில், அவன் அனுப்பினதுல முன்னாடி கொஞ்சம் இறுக்குச்சு, ஆனா அடி நல்லா மெத்துன்னு இருந்துது என்றார். ஆக, நனைப்பதற்கு முன் எனக்குத் தெரியாமல் போட்டும் பார்த்திருக்கிறார் கள்ளர்.

புண் ஆறி வருகிறது. இன்னும் பத்து நாளில் மைதானத்துக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் மணிச் சத்தம் கேட்காமல் மந்தமாகத்தான் நடக்கிறேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அப்பாவை அதில் நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் சுற்றி வரைந்தது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கும் என்பதால் அந்த நேரத்தில்தான் வரைந்தேன். முன்பக்கம் அகலமாக, விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, உள்ளே தையல் உறுத்தாததாகப் பார்த்து வாங்கு. ஓரத்தில் இருப்பது கிரீஸ். தாளை மடித்துக் கொடுத்தது அவர்தான்.

அளவில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி அவருக்கே ஒரு போன் போடு, கண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது. எடுப்பார்.

நீ நல்லா இருக்கணும்.

உன் அம்மா