கதவில் ஒரு கார்டு ஓட்டை

காலையிலிருந்து தெருவில் தார் ரோடு போடுகிறார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன். "மாமா, கால்ல சக்கரம் கட்டியிருக்கா?" என்கிறாள் மருமகள். நீ இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டாய்.

கல்யாணமான புதிதில் நாம் குருபரப்பள்ளியில் இருந்தோமே, அந்த வீடுதான் நினைவுக்கு வருகிறது. விடிந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் மண்டிக்குப் புளி தட்டப் போவோம். உன் தம்பி கோலார் சுரங்கத்தில் கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆபரேஷன் முடிந்ததும் எழுதுவதாக அவன் கூட்டாளி சொல்லியிருந்தான். எழுதவும் செய்தான். ஆனால் தபால்காரர் பூட்டில் செருகிவிட்டுப் போன அந்தக் கார்டைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. நீ ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்தாய். "எழுத்து ஏதாவது தெரியுதா புள்ள?" என்று கேட்டேன். பார்த்தாயே ஒரு பார்வை.

இன்னொரு கார்டு போடச் சொல்லி எழுதினோம். "அது வர்றதுக்குள்ள கதவுல ஒரு ஓட்டை போட்டுருங்க" என்றாய்.

"எதுக்கு, நான் வர்றதை எட்டிப் பாக்கவா?"

"உங்களைப் பாக்க ஓட்டை வேறயா? பீடி நாத்தம் முன்னாடியே வந்து சொல்லிடும்."

உளியை இரவல் வாங்கி, ஒரு கார்டை வைத்து அளந்து, அந்த அளவுக்கே இறுக்கமாக வெட்டினேன். வெட்டின மரத்தில் கரையான் ஏறும் என்று, ரோடு போடுகிறவர்களிடம் கொட்டாங்கச்சியில் தார் வாங்கி வந்து நீதான் தாராளமாகப் பூசினாய்.

மறுநாள் சாயங்காலம் கதவைத் திறந்தால், உள்ளே கார்டு கிடந்தது. ஓரமெல்லாம் கறுப்பு.

சாவுக் கடிதத்துக்குத்தான் ஓரத்தில் கறுப்பு தடவுவார்கள். அதை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் வரவே கூடாது. இதுவோ நடுவீட்டில் கிடந்தது. குனிந்த என் கையைப் பிடித்தாய்.

"படிக்காதீங்க. நீங்க படிக்காத வரைக்கும் அவன் இருக்கான்."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாய். பீடியைப் பற்றவைத்தேன், அணைத்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். எதிர்வீட்டில் விளக்கு வைத்தார்கள். அப்புறம் நீயே, "சரி, எடுங்க" என்றாய்.

எடுத்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மோந்து பார்த்தேன்.

"புள்ள, இது மை இல்ல. நீ பூசின தார்."

"உள்ள என்ன எழுதியிருக்கு, அதைப் படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு கால் போய்விட்டது, உயிருக்குப் பயமில்லை, அக்காவைப் பார்க்க வேண்டும் என்கிறான். "இன்னொரு தடவை" என்றாய். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறவரை திரும்பத் திரும்பப் படிக்க வைத்தாய். "அடுத்த கார்டுக்கு ஓட்டையில மஞ்சள் தடவி வை, நல்ல சேதியா வரும்" என்றேன். கொட்டாங்கச்சி பறந்து வந்தது.

இன்றைக்கும் போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டேன். கிழவனுக்குக் காது போய்விட்டது என்கிறார்கள். சொல்லட்டும். உன்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த மறுநாள் விடியற்காலை போன் அடித்தது. மருமகள் ஓடி வந்தாள். "எடுக்காதம்மா" என்றேன். அது அடித்துக்கொண்டிருந்த வரைக்கும் நீ இருந்தாய்.