ஐந்து பேருக்கான வெயில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், இது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

மொட்டை மாடியில் சோலார் போடப் போகிறோம். பேனல்காரர் வந்து அளந்து பார்த்தார். நல்ல மனிதர், ஏணியில் பாதி ஏறும்போதே பேச ஆரம்பித்துவிடுகிறார். பேனலில் இரண்டு விதமாம், சாதாரணமானது ஒன்று, அதே அளவு இடத்தில் கூடுதலாக மின்சாரம் தருவது இன்னொன்று, அதற்கு விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கூடுதல் விலை கொடுப்பது தேவைதானா என்று கேட்டேன். "இடம் பத்தலன்னாதாம்மா அந்த விலை நியாயம், இடம் இருந்தா சாதாரணமே போதும்" என்றார். நம் மாடியில் பாதிக்குப் பக்கத்துக் கட்டடத்தின் நிழல், தண்ணீர்த் தொட்டி வேறு. இருந்தாலும் இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், உன் அப்பாவின் ஓயாத டிவி, இதற்கு மிச்ச இடமே தாராளம் என்று நிம்மதியாக நின்றேன். அப்போதுதான் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். உன் அப்பா யோசிக்கவே இல்லை, ஐந்து பேர் என்றார். மேல் அறைக்கு ஏசி, குட்டிக்கு வெந்நீர், மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஐந்து பேருக்கு என்றால் சாதாரண பேனல் வைக்க இடம் போதாது, விலை கூடியதுதான் வழி என்றாகிவிட்டது. நீ போனதிலிருந்து பூட்டிக் கிடக்கும் அறைக்கு எதற்கு ஏசி என்று கேட்டேன். "வந்தா புள்ளைக்கு வேர்க்காதா?" என்றார்.

நேற்று அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நானே பேனல்காரருக்குப் போன் செய்தேன், கணக்கை மாற்றிப் போடச் சொல்லலாம் என்றுதான். "நீங்க ரெண்டு பேர்தானேம்மா?" என்று அவரே எடுத்துக்கொடுத்தார். ஆமாம் என்று சொல்வதற்குப் பதில், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு, அந்த நல்ல மனிதரைத் திட்டிக்கொண்டே மாடிக்குப் போய் உன் அறையைப் பெருக்கினேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான். அப்பாவைக் கேலி செய்துகொண்டு நானும் அதே பைத்தியமாகத்தான் இருக்கிறேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தங்கள், ஈரத் தலையோடு அவனை வெளியே அனுப்பாதே. பதில் போட மறக்காதே. அடுத்த லீவு, பார்க்கலாம், டிக்கெட் விலை இறங்கட்டும் என்று பூசி மெழுக வேண்டாம். இங்கேயே வந்து இருக்கப் போகிறாயா, இல்லையா? வருவதாக இருந்தால் அப்பாவுக்கே போன் செய்து சொல். இல்லையென்றால் என்னிடம் மட்டும் சொல். அவர் ஐந்து பேருக்கே போட்டுக்கொள்ளட்டும், நான் குறுக்கே பேச மாட்டேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா