மாட்டுப்பண்ணை வீட்டில் கோழி நெஞ்சுக்கறி

வேலன்டைன், நெப்ராஸ்கா
மார்ச் 9

அன்பு மகள் மார்லாவுக்கு,

நான் சுகம், கன்றுகள் சுகம், உன் அப்பா சுகமா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிற உன்னிடம் இதையும் சொல்லி அழ வேண்டுமா என்று இரண்டு தாள் கிழித்துப்போட்டேன். ஆனால் யாரிடம் சொல்வது?

கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து அப்பா மாட்டுக்கறியைத் தொடுவதில்லை. நம் வீட்டில்! மூன்று வேளையும் கோழி நெஞ்சுக்கறிதான், தோல் இல்லாமல், வெண்ணெய் இல்லாமல், தண்ணீரில் வேகவைத்து. ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தேன், சக்கை. உள்ளூரில் வாங்கினால் மானம் போகும் என்று நாற்பத்தைந்து மைல் போய் வாங்கி வருகிறார். அப்படியும் பக்கத்துப் பண்ணை டெல்மர் பார்த்துவிட்டான். தீவனக்கடையில் எல்லார் முன்னாலும் "என்னப்பா வெர்லின், மாட்டை வித்துட்டுக் கோழிப்பண்ணை வைக்கப் போறியா?" என்று கேட்டானாம். கோபக்காரர் உன் அப்பா, சிரித்துவிட்டு வந்திருக்கிறார். அதுதான் என்னை இன்னும் குழப்பியது. டாக்டர் ஏதாவது சொன்னாரா என்றால் "ஒண்ணுமில்லடி, நாக்குக்கு ஒரு மாற்றம்" என்கிறார். இடுப்பு வார் மூன்று துளை உள்ளே போய்விட்டது. நோயோ என்று பயந்தேன். சிரிக்காதே, இந்த அறுபத்தொரு வயதில் வேறொருத்தியோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

வியாழனன்று கையுறை தேடி வண்டியின் முன்பெட்டியைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக் கடிதம், டிசம்பர் தேதி போட்டது. அவருடைய சிறுநீரகம் உனக்குப் பொருந்துகிறதாம். முப்பது பவுண்டு குறைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கீழே பென்சிலால் வாராவாரம் எடையைக் குறித்து வைத்திருக்கிறார். இருபத்தாறு குறைந்தாயிற்று.

போன கோடையில் நீ வந்தபோது அவர் தன் சிறுநீரகத்தைத் தருவதாகச் சொன்னதற்கு "அப்பா உடம்புல கத்தி படவே கூடாது" என்று அழுதாயே, அதனால்தான் நம் இருவரிடமும் மறைத்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமா பயமா என்றே தெரியவில்லை, உனக்காகச் சிரித்தால் அவருக்காக அழுகை வருகிறது. நேற்று எனக்கும் சேர்த்து நான்கு துண்டு வேகவைத்தேன். உனக்கென்ன வந்தது என்பதுபோல் பார்த்தார். எனக்கும் நாக்குக்கு மாற்றம் வேண்டாமா என்றேன். தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் தின்றார்.

கடவுள் உன்னைக் கைவிடமாட்டார் கண்ணே. மாத்திரையை நேரத்துக்குப் போடு. அப்பா போன் செய்தால் எதுவும் தெரியாதவள் மாதிரியே பேசு. இன்னும் நான்கு பவுண்டுதான் பாக்கி. அவராக வாய்திறந்து கேட்கும்போது, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
லவோன்