தாரகாவின் காய்ச்சல்

செப்டெம்பர் 9, செவ்வாய்

இன்று கடையில் முருகேசன் அண்ணை மரக்கறித் தராசில் கோவாவை நிறுத்துக்கொண்டே கேட்டார். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?"

"காய்ச்சல் அண்ணை."

"போன கிழமையும் காய்ச்சல். வைகாசியிலையும் காய்ச்சல். ஆரும் நல்ல ஸ்பெஷலிஸ்ற்றிட்டைக் காட்டுங்கோ, தங்கச்சி."

காய்ச்சல்காரி, என் மகள் தாரகா, பக்கத்தில் ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு நின்றாள்.

ஆறு வயது. லண்டன் தெருவில் பிள்ளைகள் பையோடு போகும்போது இவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவர்களுக்குப் பெயர் வைக்கிறாள். சிவப்புத் தொப்பிக்காரன் 'தக்காளி'. என் மனுசன் டினேஷுக்கு விசா எடுத்துத் தந்த கம்பனி மூடி, எங்கள் விசா போன நாளிலிருந்து இதுதான் இவளுடைய படிப்பு. பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் விசா கேட்பார்கள், பிறகு குடிவரவு அதிகாரிகள் வீட்டுக்குத் தேடி வருவார்கள் என்கிறார் டினேஷ். நானும் தலையாட்டுகிறேன். எத்தனை நாளைக்கு ஆட்டுவது?

செப்டெம்பர் 14, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மெற்றில்டா அக்காவைப் பிடித்தேன். சொலிசிற்றர் கந்தோரில் வக்கீல்மாரோடு வேலை செய்கிறவர்.

"விசரே உனக்கு? பள்ளிக்கூடம் விசா கேக்கக்கூடாது. பிள்ளை இஞ்சை இருக்குது, படிக்கிற வயசு, அவ்வளவுதான். அது சட்டம்."

"சட்டமெண்டு அவைக்குத் தெரியுமோ அக்கா?"

அக்கா முறைத்தார்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தாயிற்று. பட்டனை அழுத்தினது நான். டினேஷ் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்.

ஒக்டோபர் 3, வெள்ளி

இடம் கிடைத்துவிட்டது! செவ்வாய்க்கிழமை மூன்று பேரையும் பள்ளிக்கூடத்துக்கு வரட்டாம். சந்தோஷம் — பயம் — சந்தோஷம். மத்தியானம் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

மூன்று பேரையும் ஏன்?

ஒக்டோபர் 5, ஞாயிறு

வீட்டுச் சொந்தக்காரர் செபமாலைமுத்து அண்ணை எங்களுக்கு ஒத்திகை வைத்தார். ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். "எல்லா நாட்டு ஒபிசர்மாரையும் கண்டவன் நான்" என்று இடுப்பில் சாரமும் கழுத்தில் ரையும் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"ஏன் இந்த நாட்டுக்கு வந்தனீர்?" என்று தாரகாவிடம் உறுமினார்.

"பிளேனிலை."

"ஏனெண்டு கேட்டனான்!"

"நடக்கேலாது. தூரம்."

அண்ணை ரையைத் தளர்த்தினார். கடைசியில் அவளுக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தோம்: பாஸ்போட் அரிசி மூட்டைக்குள் இருப்பதை மட்டும் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினாள்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது.

டினேஷ் கலியாணக் கோட்டுக்குள் மூச்சுவிட முடியாமல் வந்தார். செபமாலைமுத்து அண்ணை எங்களைச் சும்மா போக விடவில்லை. "வெறுங்கையோடை போறதே? என்னைக் கல்லூரியிலை சேர்க்க அப்பா பிரின்சிப்பலுக்கு விளைமீன் கொண்டு போனவர்." அதனால் என் மடியில் ஒரு பெரிய தட்டு மட்டன் றோல்ஸ்.

அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். மொழிபெயர்க்க மயூரா என்ற உதவி ஆசிரியையைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கடை தமிழ்ப் பிள்ளை! பிறப்புப் பத்திரத்தையும் விலாசத்தையும் பார்த்தார்கள். இனி விசாதான் என்று நான் செபமாலையை இறுக்கிப் பிடித்தேன்.

"சாப்பாட்டிலை ஏதும் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதோ?" என்று மயூரா கேட்டாள்.

"நாங்கள் சட்டத்தை மதிக்கிற ஆக்கள்" என்றார் டினேஷ்.

"பின்னேரம் பிள்ளையை ஆர் கூட்டிக்கொண்டு போக வருவினம்?"

"ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகவேண்டாம்!" என்று நான் கத்திவிட்டேன்.

மயூரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வேறை ஏதும் நாங்கள் தெரிஞ்சுகொள்ள வேணுமோ?"

தாரகா கையை உயர்த்தினாள்.

"எங்கடை பாஸ்போட் அரிசி மூட்டைக்குள்ளை இருக்கெண்டு சொல்லக்கூடாது."

மாதாவே. டினேஷின் கோட்டுப் பொத்தான் தெறித்து மேசைக்கடியில் ஓடியது. பிள்ளை என்ன சொல்கிறாள் என்று அந்தப் பெண் கேட்டாள். அவளுக்குச் சோறு பிடிக்குமாம் என்று மயூரா இங்கிலிஷில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பாஸ்போட்டை நாங்கள் கேக்கவும் இல்லை, கேக்கவும் கூடாது. அரிசிக்குள்ளை வண்டு பிடிக்கும். வெளியிலை எடுங்கோ."

திங்கட்கிழமை தாரகாவுக்குப் பள்ளிக்கூடம் தொடக்கம். றோல்ஸ் ஆசிரியர் அறைக்குப் போய், தட்டு வெறுமையாய்த் திரும்பி வந்தது. தன் அப்பாவின் விளைமீனை விட வேகமாக வேலை செய்திருக்கிறதாம், அண்ணைக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

போய்விட்டாள். இன்று திரைக்குப் பின்னால் நின்றது நான்.

ஒக்டோபர் 15, புதன்

தக்காளியின் உண்மைப் பெயர் ஒலிவராம். பக்கத்துக் கதிரையாம்.

நவம்பர் 18, செவ்வாய்

தாரகாவுக்குக் காய்ச்சல். உண்மைக் காய்ச்சல், நெற்றி சுடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது எனக்கு நினைவே வரவில்லை. காலையில் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. எடுக்காதே என்று டினேஷ் இரண்டு கையாலும் காட்டினார். எடுத்தேன். அதே அலுவலகப் பெண். தாரகாவைக் காணவில்லையே, சுகமாய் இருக்கிறாளா என்று கேட்டாள். என் இங்கிலிஷில் சொன்னேன். கவனமாய்ப் பாருங்கள், நாளைக்கும் அறிவியுங்கள் என்றாள்.

போனை வைத்தபிறகு அழுகை வந்துவிட்டது.

"ஆர்? என்னவாம்?"

"தாரகாவைத் தேடுகினம்."

டினேஷ் வெளிறிப்போய் அரிசி மூட்டையைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்திலையப்பா" என்றேன். அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

மருந்து வாங்கக் கடைக்கு ஓடினேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் அண்ணை."

முருகேசன் அண்ணை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "சும்மா பொய் சொல்லாதேங்கோ தங்கச்சி. பிள்ளை இப்ப பள்ளிக்கூடத்திலை எல்லோ?"

மருந்துப் போத்தலோடு நின்று சிரித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.