இடம் மாறிய அழுத்தம்

கார்த்திகை 9, செவ்வாய்க்கிழமை

எடப்பாடியில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் குழாய்ப் பட்டியலை எக்செலில் இருந்து எங்கள் அலுவலக டிசைன் டேட்டாபேஸில் ஏற்றியது நான்தான். ஏற்றுவதற்கு முன் அழுத்தம் இருந்த நெடுவரிசையை மட்டும் தனியாக வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு குழாய்க்கும் வேறொரு குழாயின் அழுத்தம் போய் உட்கார்ந்துவிட்டது. ஏற்றும்போது ஒரு பிழைகூடக் காட்டவில்லை. அதை வைத்தே குழாய்களின் தடிமன் முடிவாகி, வரைபடமும் ஆலைக்குப் போய்விட்டது.

இன்று மதியம், அங்கே குழாய் பொருத்தும் பழனிசாமி அண்ணன் போன் செய்தார்.

"ஏனுங்க, ஆவி போற பைப்பு தண்ணி பைப்பாட்டம் மெலிசா இருக்குதுங்களே, சரிதானுங்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தால், ஆவிக் குழாய்க்கு நேரே தண்ணீர்க் குழாயின் அழுத்தம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் டேட்டாபேஸை மட்டும் திருத்தினேன். திரையில் எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குழாய் மேலே ஏறியாகிவிட்டது, நாளைக் காலை பாய்லர் சோதனை, ஆவி ஏறினால் அது வெடிக்கலாம் என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நடந்தத எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்தேன். சோதனையைத் தள்ளிவைக்க ஆலை முதலாளி ஒப்புக்கொண்டாரா என்று மேலாளர் சொல்லவில்லை.

பழனிசாமி அண்ணனைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்றேன்.

"உடுங்க. நான் பாய்லர்கிட்டயே படுத்துக்கறேனுங்க. நீங்க வார வரைக்கும் ஒருத்தரையும் பத்த வெக்க உட மாட்டேன்."

நாளை விடியற்காலை சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் போகிறேன். ஒவ்வொரு குழாயாக அளந்து பார்க்க வேண்டும். அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான்.