வண்டியைக் கண்டால் ஓடும் கால்

காந்தல், ஊட்டி

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? உங்கள் இடுப்பு வலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நகராட்சி வண்டி வந்ததும், வழக்கம்போல வெந்துகொண்டிருந்த சோளச் சட்டியோடு சந்துக்குள் ஓடிவிட்டேன். கையில் லேசாகத்தான் சுட்டது. பிறகுதான் தெரிந்தது, அன்று அவர்கள் பொருளைப் பிடுங்க வரவில்லையாம். நடைபாதை வியாபாரிகளுக்குப் புதுக் கடை ஒதுக்குவதற்காக, நின்றவர்களைப் படமெடுத்துப் பெயர் எழுதிப் போனார்களாம். முட்டி வலியால் ஓட முடியாத பூக்காரக் காளியம்மாள் அக்காவின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

"ஏங்கண்ணு, நீயும் நின்னிருக்கலாமுல்ல?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

விட்டுப்போனவர்களுக்காக அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார்கள். அன்றும் பெயர் ஏறாவிட்டால் இனி அங்கே உட்கார விடமாட்டார்களாம். வரப்போவது அதே வண்டி. பதினோரு வருடமாக அதைக் கண்டு ஓடிய கால், அன்று மட்டும் நிற்குமா?

ரேஷன் கார்டு நகலையும் என் பழைய ஸ்வெட்டரையும் கொடுத்தனுப்புங்கள். இல்லை, நீங்களே கொண்டு வாருங்கள். வண்டி வரும்போது என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

ராஜகுமாரி